நம் பூஜை அலமாரி லட்சுமிக்கு வயது என்ன?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் மகாலட்சுமியை நினைத்துப் பாருங்கள். தாமரைப் பூவின் மேல் நிற்கிறாள். பட்டுச் சேலை உடுத்தியிருக்கிறாள். நீண்ட கூந்தல், சாந்தமான முகம், நான்கு கைகள். அவற்றில் இரண்டு கைகளில் தாமரை, பக்கத்தில் ஒரு யானை. நம் குடியிருப்பில் எந்த பிளாக்கில், எந்த மொழி பேசும் வீட்டில் கேட்டாலும் ஏறக்குறைய இதே வர்ணனைதான் வரும்.

இந்த உருவம் ஆதிகாலத்திலிருந்து இப்படியே வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. கையிலிருக்கும் தாமரைக்கும் பக்கத்தில் நிற்கும் யானைக்கும் இரண்டாயிரம் வயது இருக்கும். ஆனால் அந்த முகத்துக்கும் சேலைக் கட்டுக்கும் கன்னத்தில் விழும் மெல்லிய நிழலுக்கும் வயது ஏறக்குறைய 130தான். அந்தப் பாதி, கிளிமானூர் என்ற ஊரில் பிறந்த ஒருவர் எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொண்டதால் நமக்குக் கிடைத்தது.

இதை நம் செய்தி மடலில் எழுத ஒரு காரணம் உண்டு. வீடு மாறும்போதும், உள் அலங்கார வேலை நடக்கும்போதும், பெரியவர்கள் மறைந்த பிறகும் பழைய சாமி படங்கள் அரச மரத்தடிக்குப் போகின்றன. சில நேரம் குப்பைத் தொட்டியின் ஓரத்துக்கும் போகின்றன. புதுப் பூஜை அலமாரிக்குப் பழைய பிரேம் பொருந்துவதில்லை, உண்மைதான். ஆனால் எடுத்துப் போடுவதற்கு முன் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடலாமே.

தங்கத்திலிருந்து நிழலுக்கு

எண்ணெய் ஓவியம் வருவதற்கு முன்பும் நம் வீடுகளில் சாமி படம் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்பும் பசையும் குழைத்துப் பூசி, நகையும் மண்டபமும் புடைப்பாக வரும்படி செய்து, தங்கரேக்கு ஒட்டி, கண்ணாடிக் கற்கள் பதிப்பார்கள். அதில் தெய்வம் நேராக நம்மைப் பார்க்கும். நிழல் இருக்காது. தெய்வத்தின் மேல் எங்கிருந்து நிழல் விழும்? விளக்கு ஏற்றினால் தங்கம் மின்னும். தெய்வத்தின் ஒளி என்றால் அந்தத் தங்கத்தின் ஒளிதான்.

எண்ணெய் வண்ணம் வேறு வழியில் வேலை செய்கிறது. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தீட்டுவார்கள். அது உலர நாள்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு இழைத்துக்கொண்டே போகலாம். உலர்ந்த பிறகு அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுகளை ஏற்றலாம். தோலின் மினுமினுப்பு, பட்டின் மடிப்பு, நீரில் விழும் பிம்பம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. தங்கம் இல்லாமலேயே, ஒளியையும் நிழலையும் மட்டும் வைத்துத் தெய்வத்தை ஒளிரச் செய்ய முடிந்தது.

இதை நம் நாட்டில் பெரிய அளவில் சாதித்தவர் ராஜா ரவி வர்மா. 1848இல் கிளிமானூரில் பிறந்தார். தாய்மாமன் ராஜராஜ வர்மாவிடம் ஓவியப் பாடம் தொடங்கியது. பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆதரித்தார். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித் தர யாரும் முன்வரவில்லை. அரசவை ஓவியராக இருந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயுடு. அவர் இந்த இளைஞரைப் போட்டியாகக் கருதி, கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் சில நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவர் பாடம் நடத்தவில்லை. வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். மீதியை ரவி வர்மா தானே கைப்பழக்கத்தில் பிடித்துக்கொண்டார். 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவர் சென்றடைந்தது மனிதர்களின் உருவப்படங்களோடு நிற்கவில்லை. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ், புதிதாகக் கட்டிய அரண்மனைக்குப் பதினான்கு புராணக் காட்சிகளை வரையச் சொன்னார். ரவி வர்மாவும் தம்பி சி. ராஜராஜ வர்மாவும் வடநாடு முழுக்கப் பயணம் செய்தார்கள். சீதையும் தமயந்தியும் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பல ஊர்ப் பெண்களின் உடையைப் பார்த்த பிறகு அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது சேலை. அவருடைய சொந்த ஊர்ப் பெண்கள் அன்று உடுத்தியது முண்டு. ஆனால் ஒரு ராஜ்யத்துக்கு மட்டும் சொந்தமாக இல்லாத, யார் பார்த்தாலும் நம் வீட்டுப் பெண் என்று தோன்றுகிற உடை அவருக்குத் தேவைப்பட்டது. நம் தெய்வங்கள் இன்றும் அந்தச் சேலையில்தான் இருக்கிறார்கள்.

முகம் புதிது, அடையாளம் பழையது

1896இல் அவர் வரைந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

லட்சுமியின் காலடியில் தாமரை. சேற்றில் வேர், நீரில் தண்டு, ஆனால் இலையில் ஒரு சொட்டு நீர் ஒட்டாது. செல்வத்துக்கு நடுவில் இருந்தாலும் அதில் ஒட்டாமல் இரு என்பதைத் தாமரையை விட எளிதாக எப்படிச் சொல்ல முடியும்? மேலிரண்டு கைகளிலும் தாமரைகள். கீழிரண்டு கைகளில் ஒன்று ‘அஞ்சாதே’ என்கிறது, மற்றது ‘கேள், தருகிறேன்’ என்கிறது. சிற்ப சாத்திரத்தில் இவற்றுக்கு அபயம், வரதம் என்று பெயர்.

பக்கத்தில் மாலையோடு ஒரு யானை. இந்த யானைக்குப் பெரிய பூர்வீகம் உண்டு. சாஞ்சி, பார்ஹுத் ஆகிய இடங்களில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செதுக்கிய பௌத்தச் சின்னங்களில், தாமரை மேல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரு யானைகள் துதிக்கையால் நீராட்டுகின்றன. மாமல்லபுரத்தில் வராக மண்டபத்துக்குப் போனால் அதே காட்சியை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கையில் பார்க்கலாம். யானை என்பது மழை மேகம். மழை பெய்தால் நெல் விளையும், நெல் விளைந்தால்தான் செல்வம். செல்வத்தின் தெய்வத்துக்குப் பக்கத்தில் காசு இல்லாமல் மழை நிற்பது வயலை நம்பி வாழ்ந்தவர்களின் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரவி வர்மாவின் இந்த லட்சுமியின் உள்ளங்கையிலிருந்து தங்கக் காசு கொட்டாது. காசு மழை பின்னால் காலண்டர்களில் பெருகியது. கடைக்கும் கம்பெனிக்கும் காலண்டர் அடித்த காலத்தில் மழையை விடக் காசு நேராகப் புரிந்தது போலும். உங்கள் வீட்டு லட்சுமியின் கையில் காசு இருக்கிறதா, இல்லையா என்று இன்று மாலை விளக்கேற்றும்போது பாருங்கள்.

சரஸ்வதி நீர்நிலையின் ஓரத்தில் பாறையில் அமர்ந்திருக்கிறாள். ஜரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. இரண்டு கைகள் வீணை மீட்டுகின்றன. மற்ற இரண்டில் சுவடியும் ஜபமாலையும். சுவடி என்றால் படிப்பு. மாலை என்றால் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. வீணை என்றால் படித்தது கலையாக வெளியே வருவது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் நாம் சொல்லும் அறிவுரை முழுவதும் இந்த மூன்று பொருளில் அடங்கிவிடும். பக்கத்தில் மயில். அன்னம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அன்னமும் மயிலும் இரண்டுமே அவளுக்கு மரபில் உண்டு. ரவி வர்மா இங்கே தேர்ந்தெடுத்தது மயிலை.

நான்கு கை என்பது கல்லிலும் வெண்கலத்திலும் சிக்கலே இல்லை. அங்கே உருவம் ஓர் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ரத்தமும் சதையுமாகத் தெரியும் ஓர் உடம்பில் நான்கு கைகளை எங்கே பொருத்துவது? ரவி வர்மாவின் படத்தில் பின்கைகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று தேடிப் பாருங்கள். கூந்தலும் சேலையும் நிழலும் அந்த இடத்தைப் பதமாக மறைத்துவிடும். நம் கண்ணும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ளும். தியான சுலோகங்கள் சொன்ன கைகளை அவர் குறைக்கவில்லை. பார்க்கும் மனிதரின் கண்ணையும் உறுத்தவில்லை.

அரண்மனையிலிருந்து அடுப்படி வரை

எண்ணெய் ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் அரண்மனையில் இருக்கும். அது நம் வீட்டுக்கு வந்த கதையில் ஒரு கும்பகோணத்துக்காரர் இருக்கிறார். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ். 1884இல் அவர் ரவி வர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் படத்தைக் கேட்பவர்கள் பலர், உங்களுக்கு இருப்பதோ இரண்டு கை, எனவே சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்து வாங்குங்கள் என்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து ரவி வர்மா தானே அச்சகம் தொடங்கினார். 1894இல் பம்பாய் கிர்காமில் ஜெர்மன் இயந்திரங்களோடு வேலை ஆரம்பித்தது.

முறை இதுதான். ஓவியத்தின் நிறங்களைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் தனியாக வரைய வேண்டும். ஒரே தாளை ஒவ்வொரு கல்லின் மேலும் மாற்றி மாற்றி, மயிரிழை விலகாமல் அழுத்த வேண்டும். ஒரு படத்துக்குப் பல கற்கள் தேவைப்படும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியம் போல மேற்பரப்பில் சொரசொரப்பை ஏற்றுவார்கள். இதற்கு ஓலியோகிராப் என்று பெயர்.

தொழில் லாபம் தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியதால் அச்சகம் லோனாவ்லா பக்கம் மலவ்லிக்கு இடம் மாறியது. கடன் ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைகரிடம் அதை விற்றுவிட்டார்கள். 1906இல் ரவி வர்மா காலமானார். ஆனால் அச்சகம் அதே பெயரில் ஓடியது. ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை 1913இல் வெளியிட்ட தாதாசாகேப் பால்கேயும் ஒரு காலத்தில் இந்த அச்சகத்துக்காக வேலை செய்தவர்தான். 1972இல் ஒரு தீ விபத்து அச்சகத்தை அழித்தது.

வாசல் திறக்கும் முன் வந்த தெய்வம்

ரவி வர்மாவைப் பலர் கடுமையாகக் குறை சொன்னார்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும், சகோதரி நிவேதிதையும் அவர்களில் முக்கியமானவர்கள். இவை நாடக மேடைக் காட்சிகள், மேல்நாட்டு முறையில் மனிதப் பெண்ணை வரைந்து தேவி என்று பெயர் வைத்தது, நம் சிற்பத்தில் இருக்கும் தத்துவம் இதில் இல்லை என்றார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. சோழர் கால வெண்கலத்துக்கு முன் நின்றுவிட்டு ஓலியோகிராப்பைப் பார்த்தால் நமக்கே வித்தியாசம் தெரியும். மனித முகம் வந்தபோது மனிதக் குறைகளும் வந்தன. தெய்வம் என்றால் வெளுத்த நிறம், ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி கண் என்ற பழக்கமும் அச்சுப் படங்கள் வழியாக உறுதிப்பட்டது. வட்டார முகங்கள் மங்கின.

ஆனால் தராசின் மறுதட்டில் ஒன்றை வைக்க வேண்டும். அச்சகம் தொடங்கியது 1894இல். ரவி வர்மாவின் சொந்த நாடான திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினருக்கும் கோயில் கதவு திறந்தது 1936இல். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத அய்யர் அழைத்துச் சென்றது 1939இல். அதாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கர்ப்பகிரகம் என்ன, கோபுர வாசலையே தாண்ட முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களும் சந்தையில் ஒரு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டி விளக்கேற்ற முடிந்தது. அந்தப் படத்தில் தெய்வம் திரைக்குப் பின்னால் இல்லை. பூசாரி குறுக்கே நிற்கவில்லை. கண்ணுக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் நின்றது. கலை விமர்சகர்கள் கேட்ட கேள்வி இது நல்ல ஓவியமா என்பது. அந்த வீட்டில் இருந்தவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. என் தெய்வத்தை என் வீட்டில் நான் பார்க்கலாமா என்பது.

இன்று நம் எல்லோர் வீட்டிலும் பூஜை அலமாரி இருப்பது மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. செக்யூரிட்டி அறையிலும் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அதே படம் இருக்கிறது. அந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கோவில்பட்டியின் பங்கு

நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய படங்களில் இன்னொரு கையெழுத்தும் அதிகம் தென்படும். சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தார். கடைசியில் கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களை உருவாக்கினார். பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டருக்கும் கை கொடுத்தது. ரவி வர்மாவின் ஒளியும் நிழலும், நாடகத் திரையின் மண்டபமும் அருவியும், தென்னாட்டுக் கோயிலின் நகையும் மாலையும் ஒன்றாகச் சேர்ந்து, நாம் காலண்டர் சாமி என்று சொல்லும் உருவம் பிறந்தது. குருவின் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்து இருக்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 1976இல் அவர் மறைந்தார்.

இந்த முருகன் படங்களையும் அடையாளங்களை வைத்துப் படிக்கலாம். வேலின் இலை அடியில் அகன்று நுனியில் கூர்ந்திருக்கும். அறிவு அகலமாகவும் ஆழமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். மயிலின் காலடியில் பாம்பு இருக்கும். மயில் அதைக் கொல்லாது, அடக்கி வைத்திருக்கும். வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. மலைக் குறவர் மகளும் தேவலோகத்து மகளும் ஒரே சட்டத்துக்குள் சமமாக நிற்கிறார்கள்.

எடுத்துப் போடும் முன்

இனி உங்கள் வீட்டுப் படத்துக்கு வருவோம். பழைய படம் ஒன்று இருந்தால் இவற்றைப் பாருங்கள்.

முதலில் அடி ஓரம். ஓவியர் பெயரோ அச்சகப் பெயரோ சின்ன எழுத்தில் இருக்கும். ரவி வர்மா அச்சகம், கார்லா, லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது மலவ்லியில் அச்சானது. அச்சகம் கைமாறிய பிறகும் இதே பெயர் தொடர்ந்ததால், பெயர் இருப்பதாலேயே மூல ஓவியம் ரவி வர்மாவுடையது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ஒரு பூதக்கண்ணாடி. முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் பிற்கால இயந்திர அச்சு. ஒழுங்கில்லாமல் கையால் தெளித்தது போல இருந்தால் கல் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சேலையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். அச்சுப் படத்துக்கு உடை உடுத்தி அழகு பார்த்தது அந்த வீட்டுப் பெண்களின் கைவேலையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும். பால்கனி வெயில் நேராகப் படும் சுவரிலும், குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரிலும் மாட்ட வேண்டாம். கற்பூரத் தட்டைப் படத்துக்கு நேர் கீழே வைத்தால் புகை ஏறும், சற்றுத் தள்ளி வையுங்கள். பின்பக்கப் பலகையில் செல்லோ பூச்சியோ இருந்தால் பிரேம் கடைக்காரரிடம் பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். படத்தை ஓரத்தில் வெட்டி அளவாக்க விடாதீர்கள். கையெழுத்து ஓரத்தில்தான் இருக்கும்.

உண்மையாகவே வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால், மரத்தடியில் கண்ணாடியோடு விட்டுவிடாதீர்கள். கண்ணாடி உடைந்தால் விளையாடும் பிள்ளைகள் காலிலும், காலையில் பெருக்க வருபவர் கையிலும் ஏறும். சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்டு வாங்கிக்கொள்ள நம் பிளாக்குகளிலேயே யாராவது இருப்பார்கள்.

மூல ஓவியங்களைப் பார்க்க ஆசையிருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும், திருவனந்தபுரத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. 1979 முதல் அவருடைய ஓவியங்கள் நாட்டின் கலைச் செல்வம் என்ற சட்டப் பாதுகாப்பில் உள்ளன. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. நம் வீட்டு அச்சுப் படத்துக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. நாம்தான் காவல்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்தப் படத்தை எந்த ஊரில், யார், எப்போது வாங்கினார்கள் என்று கேளுங்கள். தெரிந்ததைப் பிரேமின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை தாளில் ஊறிவிடும். பென்சிலால் எழுதுங்கள்.